வட்டம் விழவில்லை

சித்திரையில் ஐகிரவுண்டு ஆய்வகத்தில்
ஏசி பாதி நாள் ஓடாது.
இன்குபேட்டர் மட்டும் முப்பத்தேழில் நிற்கும்,
எங்களைவிடக் குளிர்ச்சியாக.

மூன்றாம் நாள் காலை ரத்தப் பாட்டிலுக்கு விளக்கு எரிந்தது.
ஆவுடைத்தங்கம், நாற்பத்தாறு, பேட்டை.
இருபது நாளாய்ச் சாயங்காலக் காய்ச்சல்.
சின்ன வயசு மூட்டுக் காய்ச்சல்
கடித்துவைத்துப் போன வால்வு.
தொழில் என்ற இடத்தில்
'மாவு' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

சாயமேற்றிப் பார்த்தேன்.
ஊதா மணிகள், இரண்டிரண்டாக,
சில இடத்தில் அறுந்த பாசிமாலையாக.
பெராக்சைடு விட்டேன், நுரைக்கவில்லை.
எனக்கு இவர்களைத் தெரியும்.
உளுந்தோடு வந்து அரிசியோடு கூடி
ராத்திரி மூடியைத் தூக்குகிறவர்கள்,
தயிர்ச்சட்டிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.
எங்கிருந்தோ ஊசியில் ஒட்டியிருக்கும் என்று
'வெளிக்கலப்பு' கட்டத்தில் டிக் அடித்தேன்.
நல்ல பெயர் எடுத்தவனை
யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதில்லை.

வார்டில் வான்கோமைசின் ஏறிக்கொண்டிருந்தது.
காய்ச்சல் கேட்கவில்லை.

அப்புறம் இரண்டாவது பாட்டில். மூன்றாவது.
இடது கை, வலது கை, வேறு வேறு ஊசி.
தட்டில் பரப்பி மருந்து வில்லையை வைத்தேன்.
மறுநாள் வில்லையைச் சுற்றி வட்டம் விழவில்லை.
விளிம்பை முட்டிக்கொண்டு முளைத்திருந்தது
வாசல்படியோரப் புல் மாதிரி.
பழகிக் கற்ற எதிர்ப்பில்லை இது.
அந்தச் சாவிக்கு இவர்கள் வீட்டில் பூட்டே கிடையாது,
பிறந்ததிலிருந்து.
சர்க்கரைக் குழாயில் காற்றுக் குமிழ்.
லூகோனோஸ்டாக்.
போனை எடுத்தேன்: மருந்தை மாத்துங்க டாக்டர்,
பழைய பெனிசிலினுக்கு இது படியும்.

அன்றைக்கு வார்டுக்கு நானே போனேன்.
எங்கள் ஆட்கள் அப்படிப் போவதில்லை.
அவள் நகத்தடியில் கருஞ்சிவப்பு நூல்கள்.
"தை மாசம் பல்லு பிடுங்கினேம்மா" என்றாள்.
"தெனம் நாலு டிரம்மு மாவு.
புளிச்சிருக்கான்னு நாக்குல வச்சுத்தான் பாப்பேன்."
கொஞ்சம் பொறுத்து,
"எம் மாவா என்னைய இப்படிப் பண்ணிட்டு?"

பல்குழி வழியாகப் போயிருக்கலாம்.
குடல் வழியாகப் போயிருக்கலாம்.
மகன் சிவனணைந்தான் தூக்குவாளியில் மாவு கொண்டுவந்தான்.
அதில் அதே இனம். என் வீட்டு மாவிலும் அதே இனம்.
அதே வம்சமா என்று பிரித்துச் சொல்ல
இங்கே கருவி இல்லை.
சென்னைக்கு அனுப்பினோம்.
ஆடிக் காற்று வந்துவிட்டது, பதில் வரவில்லை.

அதற்குள் பேட்டையில் பேச்சு:
"அவ மாவுல பூச்சி இருக்காம்லா."
சுகாதார ஆய்வாளர் வந்து கேட்டார்,
ஆபத்தா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க.
ஒரே வார்த்தை என்னிடம் இல்லை சார்.
இட்லிக் கொப்பரை ஆவியில் அது செத்துப்போகும்.
மோரில் அதன் சொந்தங்களை உயிரோடேதான் குடிக்கிறோம்,
ஊரே குடிக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.
கிழிந்த வால்வு, புற்றுநோய் ஊசி,
மாசம் நிறையாமல் பிறந்த பிள்ளை,
அப்படி எங்காவது கதவு சாத்தாமல் கிடந்தால்
எப்போதாவது உள்ளே வரும்.
விரோதம் ஒன்றும் கிடையாது அதற்கு.
இனிப்பைக் கண்டால் பெருகும், அவ்வளவு தெரியும்.

அவர் 'ஆபத்து இல்லை' என்று எழுதிக்கொண்டார்.
அவள் கடைக்காக நானும் பேசாமல் இருந்தேன்.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்குப் போனாள்.
வால்வு மாற்ற மதுரைக்குச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள்.
இப்போது மாவை நாக்கில் வைப்பதில்லை,
குனிந்து மோந்து பார்க்கிறாளாம்.

அந்தப் படிவம் கோப்பில் இருக்கிறது.
தப்பாக எழுதியதை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும்,
அடித்தது தெரிய வேண்டும்,
பக்கத்தில் கையெழுத்து, தேதி. விதி.
முதல் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும் நடுவில்
மூன்று நாள்.
தெரிகிறது.