எட்டு நாற்பது

காலை எட்டு நாற்பதுக்குத் தொலைபேசியை எடுப்பேன்.
வராதவர் பட்டியல் எப்போதும்
வந்தவர் பட்டியலைவிட நீளம்.

அறுபத்தொரு பேர் படிக்கும் தொடர்ச்சிப் பள்ளி.
நான்கு தகர அறைகள்,
தற்காலிகம் என்று லாரியில் கொண்டுவந்து இறக்கி
இருபத்தாறு வருஷம் ஆகிறது.
மூன்று பக்கம் பாதாம் தோப்பு.
நான்காம் பக்கம் கால்வாய், அதற்கு அப்பால்
பெரிய பள்ளி, மைதானம், விளக்குக் கம்பங்கள்.
இவர்கள் எல்லோரும்
முதலில் தொலைந்த இடம்.

ஓசியேல் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.
இரவெல்லாம் சீஸ் ஆலையில் பெட்டி அடுக்கிவிட்டு
ஷூவைக் கழற்றாமல் தூங்குகிறான் என்று தெரியும்.
தெரியும் என்பதற்குப் படிவத்தில் குறியீடு இல்லை.
கோல்ட்டனுக்கு இது இந்த மாதத்தின் மூன்றாவது எண்.
ஞியா பாவ் தானே எடுத்து
அப்பாவின் குரலில் இருமி
"பையனுக்குக் காய்ச்சல்" என்பான்.
"கிளம்பி வா ஞியா, பத்து மணிக்கு பர்ரிட்டோ" என்பேன்.
பெரும்பாலும் வந்துவிடுவான்.

பிரிசேய்தா பதினேழு வயதில் வந்தாள்.
நூற்றுப் பதினான்கு கிரெடிட் பாக்கி,
தோளில் ஆறு வாரக் குழந்தை.
பெயர் கேட்டேன்,
குழந்தையின் பெயரைச் சொன்னாள்.
சலவைக்கடை நாற்காலியில் உட்கார்ந்து
அல்ஜீப்ரா போட்டாள்.
ஹால்வர்சன் டீச்சர் பால் கறைபட்ட தாளைத்
திருப்பித் தந்து மறுபடி செய்யச் சொன்னார்,
கறைக்காக அல்ல,
மூன்றாம் கணக்குக்காக.

இரண்டு முறை காணாமல் போனாள்.
ஒரு முறை ஓரிகன் வரை, ஒருவனை நம்பி.
திரும்பி வந்தபோது
எங்கே போனாய் என்று நாங்கள் கேட்கவில்லை.
எந்தப் பாடத்தில் விட்டாய் என்றுதான் கேட்டோம்.

ஜனவரி. வெள்ளைப் போர்வை மாதிரி மூடுபனி,
பஸ்கள் இரண்டு மணி நேரம் தாமதம்.
கால்வாய்க் கரையோடு
தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நடந்தே வந்தாள்.
மிச்சம் இருந்தது அரை கிரெடிட், குடிமையியல்.
பதினொன்றரைக்கு எழுதி முடித்தாள்.

எங்களிடம் ஒரு மணி உண்டு.
பழம் பொதியும் கொட்டகை மூடியபோது
ஏலத்தில் பதினைந்து டாலருக்கு எடுத்தது.
முடித்தவர் வெளியே வந்து அதை அடிப்பார்,
எல்லோரும் கைதட்டுவோம்.
அன்று அந்த "எல்லோரும்"
நான், ஹால்வர்சன், துடைப்பத்தோடு ஒருவர்.
ஒரே ஒரு அடி.
குழந்தை வீறிட்டது.
சத்தத்தைப் பனி விழுங்கிவிட்டது.
தோப்புக்குள் எங்கோ ஒரு நாய்
பதில் சொன்னது.

ஜூனில் அறிக்கை.
நான்கே ஆண்டில் முடித்தவர் எத்தனை பேர்?
அவளுக்கு நான்கு வருஷமும் ஐந்து மாதமும் ஆனது.
எனவே தேறாதவர்.
நானேதான் தட்டச்சு செய்தேன், பிழையில்லாமல்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே கறி வெந்து, பரிமாறி, சாப்பிட்டும் ஆயிற்று,
ஏட்டில்தான் சுரைக்காய் இல்லை.
எங்கள் கட்டத்துக்குச் சிவப்பு நிறம் வந்தது.
சில்வெய்ரா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
மாவட்டக் கூட்டத்துக்குப் போனார்.
திரும்பி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை,
குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து
பர்ரிட்டோக்களை எண்ணினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது
மணி அடித்த மறுநாளை.
எட்டு நாற்பது.
விரல் பழக்கத்தில் அவள் எண்ணை அழுத்திவிட்டது.
தங்கை எடுத்தாள்.
"அவள் இல்லையே, வேலைக்குப் போயிருக்கிறாள்.
ஏதாவது பிரச்சினையா?"
"ஒன்றுமில்லை" என்றேன்.
வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.
பின்னால் குழந்தை எதையோ
தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த பெயர் ஓசியேல்.
மணி அடிக்கிறது.
அடிக்கட்டும்.