சூப்புப் பீரங்கி

இருபதுக்கு இருபது சென்டிமீட்டர்.
பழைய போட்டோச் சட்டம். கண்ணாடியைக் கழற்றியாயிற்று.
முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்
ஏழு மீட்டர் நிலத்துக்கு நான் அதிபதி.
எதிர்வீட்டுக்காரரின் படகுக் கொட்டகை
இதைவிட நீளம்.

முதலில் எழுதிய பட்டியல்:
டாங்கி ஒன்று,
எரிகிற டாங்கி இன்னொன்று,
இடிந்த பாலம், அடியில் ஓடை,
ஓடையில் விழுந்த குதிரை,
பதினான்கு வீரர்கள்,
முடிந்தால் ஒரு விமானத்தின் வால்.

லியெக்சாவின் ஹாக்கி அரங்கில்
பனித்தளம் வழிக்கும் வண்டி ஓட்டுகிறேன்.
சுற்றிச் சுற்றி வருகிற வேலை,
போர் தொடுக்க ஏற்றது.
நாலே நாளில் ஒரு படையே சேர்ந்துவிட்டது.

பொம்மைக்கடைத் துய்யா பட்டியலைப் படித்தாள்.
என் மகளைவிடச் சின்னவள்.
சிரிக்கவில்லை, அதுதான் உறைத்தது.
"இதுவரை எத்தனை ஒட்டியிருக்கிறீர்கள்?"
ஒன்றுமில்லை.
"அப்படியானால் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள்."

ரொட்டிப் பெட்டியின் அட்டையில் டாங்கியை வெட்டினேன்.
பதினேழு சென்டிமீட்டர்.
லிஃப்டுக்குள் சோபா ஏற்றியதுபோல் நின்றது.
நிலம் எங்கே என்று கேட்டால்
டாங்கிக்கு அடியில் என்று சொல்லலாம்.

பாலம் போயிற்று.
பாலம் போனபின் ஓடை எதற்கு?
ஓடை இல்லாமல் குதிரை எங்கே விழும்?
விமானத்தின் வால் போனதை
யாரும் கவனிக்கக்கூட இல்லை.

மிஞ்சியது ஒரு சமையல் வண்டி.
இரண்டு சக்கரம், ஒரு கொப்பரை, ஒரு புகைபோக்கி.
எங்கள் பட்டாளத்தில் அதற்குப் பெயர்
சூப்புப் பீரங்கி.
கட்டாயச் சேவையில் பதினோரு மாதம் இருந்தேன்.
நான் சுட்டதெல்லாம் அட்டை மனிதர்களை.
வேறெந்தப் பீரங்கியின் முன்னாலும்
அவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதில்லை;
வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்.

விளிம்புக்கு நேராக வைத்தால்
அபராதச் சீட்டுக்குக் காத்திருக்கும் வண்டி.
கொஞ்சம் திருப்பினேன்.
எங்கிருந்தோ வந்து நின்றதாயிற்று.

பனி வேண்டாம்.
பிழைப்பே பனியோடு,
சட்டத்துக்குள்ளாவது இலையுதிர் காலம் இருக்கட்டும்.
அரங்கின் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்,
பிர்ச் மரத்தின் கதிர்களை உதிர்த்துக் கொண்டுவந்தேன்.
உள்ளங்கையில் தேய்த்தால்
ஒவ்வொரு செதிலும் ஓர் இலை,
காம்பு முதல் நுனி வரை, அளவு பிசகாமல்.
மரத்துக்கு யார் சொன்னது இந்தக் கணக்கை?

ஆட்கள் இரண்டு பேர் போதும்.
ஒருவன் பூட்ஸைக் கழற்றி உட்கார்ந்திருப்பான்.
மற்றவன் பெட்டிப் படத்தில்
கையெறிகுண்டை ஓங்கி நிற்கிறான்.
குண்டைச் சீவிவிட்டு
செம்புக் கம்பியில் ஓர் அகப்பை கொடுக்க வேண்டும்.
சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

தரைப்படம் வரைந்துகொண்டிருந்தபோது
சைலா எட்டிப் பார்த்தாள்,
கையில் பாதி உரித்த ஆரஞ்சு.
"ஆள் ரெண்டு. கிண்ணம் ஏன் ஏழு?"

பெட்டியில் எட்டு இருந்தது,
ஒன்று கம்பளத்தில் விழுந்து தொலைந்தது.
இதுதான் உண்மை.
வாய் வரை வந்தது.
அவள் அதற்குள்
சட்டத்தின் வலது விளிம்பைத் தாண்டி,
மேசையின் வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ வருவாங்க?"

தெரியவில்லை என்றேன்.
பட்டியலில் பசை, மெல்லிய தூரிகை,
பளபளப்பில்லாத வார்னிஷ்
இவற்றுக்குக் கீழே எழுதினேன்:
சேற்றில் கால்தடம், ஐந்து பேர்.
வண்டியிலிருந்து வலது விளிம்பு வரை.
போன தடம் மட்டும்.
பூட்ஸ் ஒன்று எட்டு மில்லிமீட்டர்.
களிமண் காயுமுன் அழுத்த வேண்டும்.

"சூப்பு ஆறிடுமே," என்றாள்,
ஒரு சுளையை என் பக்கம் நீட்டியபடி.

செய்முறைத் தாளைப் புரட்டினேன்.
இருபத்திரண்டாம் படி:
கொப்பரையின் மூடியைத்
திறந்தபடியும் ஒட்டலாம், மூடியபடியும் ஒட்டலாம்.

பென்சிலால் இரண்டாவதைச் சுழித்தேன்.