விடுபட்ட பெயர்

காலை நாலு மணிக்கு, மாவு பிசையும் முன்,
கைப்பேசியில் அந்தப் பட்டியலைத் திறப்பேன்.
மெரிடித் கவுண்டி சிறை. இன்றைய இருப்பு: இருநூற்றுப் பன்னிரண்டு.
இருப்பு என்றுதான் போட்டிருக்கிறார்கள்,
நான் மாவு மூட்டைகளுக்குப் போடுவதுபோல.

அவன் காணாமல்போன அன்று
ஹக்கபி, லைல் என்று அடித்தேன்.
அப்படி யாரும் இல்லை என்றது.
மருத்துவமனைகளைக் கூப்பிட்டேன்.
பிணவறையையும் கூப்பிட்டேன்;
அங்கிருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள்,
பின்னால் யாரோ சோளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.
மூன்றாம் நாள் மாலை தோன்றியது,
பதிந்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கலாமே என்று.
ஒற்றை எடுத்துவிட்டுத் தேடினேன்.
ஹகபி, லைல்.
இருந்தான்.
ஒரு புள்ளி எழுத்துக்குப் பின்னால்
மூன்று நாள் மறைந்திருந்தான் என் தம்பி.

படத்தில் கண்ணை மூடியிருந்தான்.
பள்ளிப் படங்களிலும் அப்படித்தான்,
வெளிச்சம் வெட்டுமுன்பே பயந்துவிடுவான்.
உயரம் ஐந்தடி பத்து.
எடை நூற்று முப்பத்தொன்பது பவுண்டு.
போன கோடைப் பதிவில் நூற்று அறுபத்து நாலு.
கழித்துப் பார்த்தேன்.
மறுபடி தொடங்கிவிட்டான் என்று
எனக்குச் சொன்னது அந்தக் கணக்குதான்.

குற்றம்: அத்துமீறி நுழைதல். எங்கே என்று இல்லை.
அடையாளம்: இடது தோளில் பச்சை, ‘வெர்னா’.
வெர்னா நான்தான்.
எப்போது குத்திக்கொண்டான்?
நாற்பது டாலர் கேட்டு வந்து நின்றவனுக்கு
உள்ளேயிருந்தே இல்லையென்று சொன்னேனே,
அதற்கு முன்பா, பின்பா?
அந்தக் கட்டத்தில் தேதி கிடையாது.

ஒப்படைத்த பொருள்கள்: பெல்ட் ஒன்று,
பதினொரு டாலர், பூட்ஸ் கயிறு இரண்டு, சாவி ஒன்று.

இருபத்தாறு நாள் அவன் பெயர் அங்கே இருந்தது.
இருபத்தாறு இரவும் நன்றாகத் தூங்கினேன்.
கூரை உண்டு, சாப்பாடு உண்டு,
கதவைத் தட்டமாட்டான்.
ஊர் வானிலை பார்ப்பதுபோல் நான் அவனைப் பார்த்தேன்,
நாலு மணிக்கு ஒருமுறை, கடை மூடும்போது ஒருமுறை.
நேரில் போய்ப் பார்க்கவில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று ஹோவெல்லுக்கு அடுத்து ஹட்சின்ஸ் நின்றார்.
ஒற்றோடு தேடினேன், ஒற்றில்லாமல் தேடினேன்.
பெயர் விடுபட்டதா, ஆள் விடுபட்டானா?
இன்னொரு பக்கத்தில், ஆக அடியில், இருந்தது:
விடுவிக்கப்பட்ட நேரம் 12:07, நள்ளிரவு.
வெளியே ஒன்பது மணியிலிருந்தே பனி.

போனை எடுத்தவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.
“வந்த நேரம் எங்களிடம் இருக்கிறது, மேடம்.
போன நேரமும் இருக்கிறது.
எங்கே போனார் என்பதற்குக் கட்டம் இல்லை.”
குத்தலாகச் சொல்லவில்லை.
கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அடுப்பை அணைத்தேன்.
பிசைந்த மாவு பாத்திரத்தை மீறி வழியட்டும்.

சிறையின் பின்வாசலில் ஒரு விளக்கு, ஆளில்லை.
படிக்குக் கீழே சிகரெட் துண்டுகள்,
கிழித்துப்போட்ட பிளாஸ்டிக் பை.
பையின் மேல் ஒட்டிய சீட்டில் ஹகபி.
உள்ளே கயிறு இரண்டும் அப்படியே கிடந்தன.
பணத்தை எடுத்திருக்கிறான்,
பெல்ட்டை எடுத்திருக்கிறான், சாவியை எடுத்திருக்கிறான்,
குனிந்து கட்டப் பொறுமையில்லை.

கயிறு கட்டாத பூட்ஸ் பனியில் என்ன எழுதும் என்று
எனக்குத் தெரியும்:
ஒவ்வொரு அடிக்குப் பின்னும் குதிகால் இழுத்த கோடு.
அந்தக் கோடுகளோடு காரை உருட்டினேன்.
நெடுஞ்சாலைக்குப் போகவில்லை.
விடிய விடியத் திறந்திருக்கும் சலவைக் கடையில் நுழையவில்லை;
கண்ணாடியருகே கொஞ்சம் நின்றிருக்கிறது,
பிறகு என் தெருப் பக்கம் திரும்பியிருக்கிறது.

கயிறுகள் மடியில் இருந்தன.
அந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பது
அப்போதுதான் உறைத்தது.
செப்டம்பரில் பூட்டை மாற்றியிருந்தேன்.