மெருகேற்றிய பிரதி

நான் சீட்டுக் கிழிப்பவள்.
எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.
பார்த்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கத்தானியாவில் ஆகஸ்டு மாதம்
எட்னா ஒருமுறை இருமினால்
திரையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டும்.
பெருக்கி, முற்றத்தில் நாற்காலி போட்டு
வருடா வருடம் ஓட்டுவது இந்த ஒரு தாதா படம்தான்.
எங்கள் மீன் சந்தையில், எங்கள் கருங்கல் தரையில் எடுத்தது.
ஐம்பது வயதாகிறது அதற்கு.
வசனம் எல்லோருக்கும் மனப்பாடம்,
குறை சொல்லத்தான் வருகிறார்கள்.

முடி திருத்தும் கொன்செத்தோ
எழுத்து ஓடி முடியும் முன்பே வாசலுக்கு வந்துவிடுவார்.
"அந்தச் சவரக் காட்சி சுத்த அபத்தம்.
கத்தியை அப்படிப் பிடித்தால்
முதலில் போவது என் கட்டைவிரல்."

மருந்துக்கடை வெனெரா எண்ணி வைத்திருக்கிறாள்:
மூன்று மணி நேரத்தில் பெண்கள் பேசுவது பதினோரு வரி,
அதில் நாலு, "சாப்பிட வாருங்கள்."

தூரினில் சினிமா படிக்கும் பையன்
இந்தப் படத்தில் இருட்டும் ஒரு பாத்திரம் என்றான்.
மின்வாரியத்தில் இருந்த சிரினோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
"தம்பி, அந்த வருடம் பாதித் தெருவில் விளக்கே கிடையாது.
கம்பத்துக்கு வந்த பணத்தை யார் தின்றார்கள் என்று
படத்தில் காட்டவில்லை, பார்."

அப்போது வந்தார்
பெயர் சொல்ல வேண்டாத ஒருவர், லினன் சட்டையில்.
அவரிடம் நான் சீட்டுக் கேட்பதில்லை.
"பேச்சு அதிகம்," என்றார்.
பேச்சு அதிகம்தான் என்றார் கொன்செத்தோ.
பேச்சு அதிகம்தான் என்றார் சிரினோ.
"எங்கள் மாமா இந்தப் படத்துக்கு முன்னால்
தொப்பியே போட்டதில்லை," என்று சிரித்தார்.
"பார்த்துவிட்டு வந்து மறுநாளே வாங்கினார்.
கொஞ்சம் பெரிய அளவு."
எல்லோரும் சிரித்தோம்,
அவர் நிறுத்தியபோது நிறுத்தினோம்.

பையனுக்கு ஊர் பழக்கமில்லை.
"சந்தைக் காட்சியைக் கவனித்தீர்களா?
பனிக்கட்டிமேல், வாள்மீன் பக்கத்தில்
சுடப்பட்டு விழுகிறானே ஒருவன்,
அந்தப் பிணம் கண் சிமிட்டுகிறது!
எடிட்டர் தூங்கிவிட்டார் போல."

யாரும் வாய் திறக்கவில்லை.
இக்னாத்சியா ஏற்கெனவே போய்விட்டிருந்தாள்.
ஒவ்வொரு வருடமும் முழு விலை கொடுப்பாள்,
சந்தைக் காட்சி முடிந்ததும் எழுந்துவிடுவாள்.
ஒரே ஒரு தடவை கேட்டேன், படம் எப்படி என்று.
"நல்ல படம்," என்றாள். "குளிரில் கண் சிமிட்டிவிட்டான்."

அவள் தம்பி சால்வோ.
இரண்டு நாள் கூலி, ஒருவேளைச் சாப்பாடு,
திரையில் மூன்று விநாடி.
ஒன்பது வருடம் கழித்து
அதே சந்தை, அதே கல், காலை பத்து மணி.
இந்த முறை கேமரா இல்லை.
சுற்றி நூறு பேர் இருந்தோம் என்பது போலீஸ் கணக்கு,
பார்த்தவர் எவருமில்லை என்பதும் போலீஸ் கணக்கு.

எனக்கு அப்போது பத்தொன்பது.
மத்தி மீன் நிறுத்துக்கொண்டிருந்தேன்.
தராசு முள்ளைத்தான் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன்.
முள் இப்படியும் அப்படியும் ஆடியது,
அது நிற்கும்வரை நிமிரவில்லை.
அந்த அளவுக்கு அது உண்மை.

நேற்றிரவு கதவைச் சாத்திவிட்டுக்
கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன்.
விழுந்தான்.
செதில்கள் தெறித்தன.
ஒன்று, இரண்டு,
சிமிட்டினான்.
நாலாவது வரிசையில்
இக்னாத்சியா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
இரண்டு நாற்காலி தள்ளி
லினன் சட்டை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தது.

ரோமிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
அடுத்த வருடம் மெருகேற்றிய பிரதி அனுப்புகிறார்களாம்.
ஒலி சுத்தம், நிறம் சுத்தம்,
கீறல்களும் படப்பிடிப்புப் பிழைகளும்
ஒவ்வொன்றாக நீக்கப்பட்டுள்ளன.
இலவசமாம்.
மேலாளர் அதை அறிவிப்புப் பலகையில் குத்தச் சொன்னார்.

என் பையிலேயே இருக்கிறது,
இன்றைய பாதிச் சீட்டுகளோடு.