இடப்பக்கம், பத்து மணித் திசை

காலை ஆறேகாலுக்கு ஒலிபெருக்கியில் வருவது என் குரல்தான்.
ஹன்சீனே. இந்தக் கப்பலின் வாடகைக் கண்.
நான் வாய் திறந்தால் ஏழு தளங்களிலும்
காப்பிக் கோப்பைகள் மேசைக்குத் திரும்பும்.
"வலப்பக்கம், இரண்டு மணித் திசை. பனித்தட்டின் மேல் வால்ரஸ், மூன்று.
நான்காவது, கல்."

சிரிக்கிறார்கள். கல்லையும் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

இறங்க முடியாதென்று முதல் நாளே சொல்லியாயிற்று.
எழுநூறு பேர் காலூன்ற இங்கே கரை கிடையாது,
பாசி ஒரு காலடியை மறக்க எத்தனையோ கோடை எடுக்கும்.
எனவே எல்லாம் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால்.
கஸ்தூரி எருது என்றால் சரிவில் ஒரு பழுப்புப் பொட்டு.
நார்வால் என்றால் ஒரு மூச்சு, பிறகு
அது நார்வால்தானா என்று இராச்சாப்பாடு வரை விவாதம்.
எதற்கும் வாசனை இல்லை.
தளத்தில் மணப்பது சூடான சாக்லேட் மட்டும்.

ஷ்டுட்கார்ட் பல் மருத்துவர் ஃபோல்க்மார்
குறிப்பேட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்.
கரடிக் கட்டம் ஒன்பது நாளாகக் காலி.
வாங்கிய கடனைத் தராதவளைப் பார்ப்பதுபோல்
சூப்புக்கு மேலே என்னைப் பார்க்கிறார்.

பத்தாம் நாள் மூடுபனி விலகியது.
என் ஊர்.
கங்கெர்த்தித்திவாக்கின் வாயில், பாறையைக் கவ்விய பெட்டி வீடுகள்.
பச்சைக்குப் பின்னால் அந்த மஞ்சள், என் வீடு.
"மக்கள் முந்நூறு பேர்," என்றேன், "நாய்கள் தனி."
லென்ஸ்கள் என் வாசற்படி வரை போய்த் திரும்பின.
கொடியில் காயும் அக்காவின் சிவப்புப் போர்வை
மிக அழகாம்.

அப்போதுதான்,
கல்லறைச் சிலுவைகளுக்கு மேலே
பனியைவிடச் சற்று மஞ்சளான பனி
நடந்தது.
மூக்கு உயர்ந்திருக்க, சீல் இறைச்சி காயும் தட்டியை நோக்கி.
காற்று ஊரிலிருந்து அதன் பக்கம் வீசியது. நாய்கள் அறியவில்லை.
தளத்திலும் எவரும் அறியவில்லை.
இடது கையில் ஒலிவாங்கி,
வலது கையில் வானொலி.
சம்பளம் இடது கைக்கு.

வலது கை வாயருகே வந்தது.
"யோஸ்வா, யோஸ்வா, கல்லறைக்கு மேலே. இறங்குது.
பிள்ளைகளை உள்ளே இழு."
எங்கள் மொழியில், ஒரே மூச்சில்.
வணக்கம் சொல்லவில்லை, நேரமும் சொல்லவில்லை.

அதன் பிறகு எல்லோருமே பார்த்தார்கள்.
நாலு சக்கர வண்டி பாறையேறிப் பாய, வெடி புகைந்து சீற,
நாய்கள் இப்போதுதான் தெரிந்தது போலக் கத்த,
கரடி திரும்பியது.
பந்தியிலிருந்து எழுப்பிவிடப்பட்டவன் போல
அவசரமும் காட்டாமல், ரோஷமும் மறைக்காமல்
கடலில் இறங்கி
எங்கள் முன்மூக்கைக் கடந்து நீந்தியது.
நடுவில் ஒருமுறை நிமிர்ந்து ஏழு தளங்களையும் பார்த்தது.
எங்களில் எதையும் அது எண்ணவில்லை.

"விரட்டச் சொன்னது நீங்களா?" ஃபோல்க்மார் படியேறி வந்தார்.
ஆமாம் என்றேன்.
கட்டத்தில் ஒரு கோடு கிழித்தார். போகவில்லை.
பேனா மூடியைத் திருகியபடி நின்றார்.
"பசியா இருந்ததா, அது?"
இருந்தது.
விலா எலும்பு தெரிந்ததை அவரும் பார்த்திருந்தார்,
அவருடைய லென்ஸ் என்னுடையதைவிட நீளம்.
அதற்குக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை.

வானொலி கரகரத்தது.
தட்டி தப்பிச்சது, என்றான் யோஸ்வா. நீ எப்போ வர்றே?
செப்டம்பர். கடைசிக் கப்பல் போனதும்.
போர்வையை எடுக்கச் சொல், மழை வருது.

இடப்பக்கம், பத்து மணித் திசை.
கரையில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு
கை தூக்கி நின்றது.
அதை நான் அறிவிக்கவில்லை.