ஒரு கரண்டி எண்ணெய்

கயிற்றை இழுத்ததுமே தெரிந்துவிட்டது.
எதிர்த்து நிற்கவேண்டிய இடத்தில்
தொளதொளவென்று கைக்கு வந்துவிட்டது,
கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவனைப் போல.

ஹஃபர் அல் பாத்தின் சனாயியா.
காலை ஏழுக்கே தகரம் சுடுகிறது.
ஜெனரேட்டரை இறக்கியவன் அபகர், சூடான்காரன்,
நாற்பது கிலோமீட்டர் தள்ளி
முந்நூறு ஆடுகளுக்குத் தண்ணீர் இறைப்பவன்.
பிக்கப்பிலிருந்து இறங்காமல் பேசுகிறவர் முத்லக்.
ஆடும் அவருடையது, இஞ்சினும்.
"மணலைத் தின்னவிட்டிருக்கிறான், ரூபன்.
ரிங் போயிருந்தால் சொல்,
மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்."
கண்ணாடி ஏறிவிட்டது. உள்ளே ஏசி.

ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தேன்.
பஞ்சு பொடிந்து எப்போதோ போய்விட்டது.
அந்த இடத்தில் தலைப்பாகைத் துணி,
இரண்டாக மடித்து, ஆட்டுக்கயிற்றால் கட்டி.
கார்புரேட்டர் வாயில் விரல் விட்டேன்.
நறநறவென்றது.
கொஞ்சம்தான்.
முத்லக் பார்க்கவில்லை. அபகர் பார்த்தான்.

பிளக்கைக் கழற்றி கேஜைத் திருகினேன். நாற்பது.
அப்படியே நம்பக்கூடாது, இந்த ரகம் பொய் சொல்லும்:
இழுக்கிற கை நோகக்கூடாதென்று
வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் குமிழ் ஒன்று
கேம் ஷாஃப்டில் உண்டு.
ட்ரில் மெஷினை மாட்டிப் பின்னோக்கிச் சுற்றினால்
குமிழ் படுத்துக்கொள்ளும்.
சுற்றினேன்.
அப்போதும் நாற்பதுதான்.

இனி எண்ணெய்.
பிளக் துளை வழியே ஒரு கரண்டி,
சாயா கலக்குகிற கரண்டிதான்.
ரிங் தேய்ந்திருந்தால்
எண்ணெய் சந்தில் இறங்கி அடைக்கும், முள் ஏறும்.
இருபது வருடத்தில் எந்த முள்ளையும்
ஏறாதே என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

நாற்பது.
இன்னொரு முறை. நாற்பது.

பிறகு எல்லாம் சுலபம்.
கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டதும்
சைலன்சர் பக்கம் சீறியது.
புகை போகும் வால்வு குழியில் உட்காரவே இல்லை.
ஓடி ஓடிக் குழி ஆழமாகி, இடைவெளி தீர்ந்து,
ஆகச் சன்னமான ஃபீலர் தகடுகூட நுழையவில்லை.
யார் குற்றமும் இல்லை இது. ஓடிய குற்றம்.
நட்டைத் தளர்த்தி, இடைவெளி வைத்து, இறுக்கி
கயிற்றை அபகரிடம் கொடுத்தேன்.
இழுத்தான்.
இஞ்சின் அவன் கையைத் திருப்பி இழுத்தது.
மூன்றாவதில் பிடித்தது. ஊற்றிய எண்ணெய்
வெள்ளையாகப் புகைந்து தீர்ந்தது.

"வால்வு" என்றேன் கண்ணாடியிடம்.
"பழசானால் வரும்."
அரையடி இறங்கிய கண்ணாடி வழியே
முப்பது கேட்டதற்கு இருபது ரியால் வந்தது.

அலமாரியில் பஞ்சு ஒன்று இருந்தது, பொருத்திவிட்டேன்.
துணியை உதறிக் கொடுத்தேன்.
அபகர் வாங்கி, கிரீஸ் கறையோடு
தலையில் சுற்றிக்கொண்டு பின்னால் ஏறினான்.

முள் ஏறியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?
வால்வு என்றுதான்.
தெரியவில்லை.
சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியாயிற்று,
நறநறப்பு இன்னும் விரலில்.