பின்சில்லுகளுக்கு ஒரு போத்தல்

தை மாதம். ரோத்லிஸ்பெர்கர் அம்மா வீட்டு ஏற்றத்தில்
முன்சில்லுகள் பனியைக் கிண்டிக்கொண்டிருந்தன.
பின்சில்லுகளோ மாப்பிள்ளைத் தோழர் மாதிரி
சும்மா பார்த்துக்கொண்டு நின்றன.
காலை ஆறு ஐம்பது. ஏழுக்கு இன்சுலின்.
பையைத் தோளில் போட்டுக்கொண்டு
மிச்ச முந்நூறு மீற்றரும் நடந்தேன்.
நாலு சில்லும் இழுக்கும் என்று விற்ற கார்.
விளக்கு ஒன்றும் எரியவில்லை. தனக்கு ஒரு குறையும் இல்லை
என்றுதான் அது சொன்னது.
என் நோயாளிகள் பாதிப்பேரும் அப்படித்தான் சொல்வார்கள்.

லங்னாவ் கராச்சில் சொன்னார்கள்:
அந்த எண்ணெய் ஆயுளுக்கும் போதும்.
யாருடைய ஆயுளுக்கு என்று கேட்டேன்.
மேசையில் இருந்த பெடியன் கணினியைப் பார்த்தான்.
அதிலும் இருக்கவில்லை.

பிறகு இரண்டு கிழமை இரவு வாசிப்பு.
முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில்
மெல்லிய தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று.
சின்னப் பம்பி எண்ணெயை அழுத்த ஒட்டும்;
அழுத்தம் விட்டால் விலகும்.
தேய்கிற தூள் எண்ணெயில் ஊறி
பம்பியின் வலையை அடைக்கும்.
மூச்சுமுட்டிய பம்பி ஒருநாள் எரியும்.
சத்தமில்லாமல்.

கடையில் மூன்று போத்தல்.
ஒன்று எல்லா வண்டிக்கும் பொருந்துமாம்.
எல்லாருக்கும் பொருந்துகிற மருந்தை
நான் எந்த வாட்டிலும் கண்டதில்லை.
இன்னொன்று அரைவாசி விலை, ஆனால் தலைமுறை வேறு:
அது நாலாவதுக்கு, என்னுடையது ஐந்தாவது.
மூன்றாவதில் எண் எழுத்துக்கு எழுத்துச் சரி.
எண்ணூற்றைம்பது மில்லி, அறுபத்தெட்டு பிராங்.

அலமாரியில் எடுக்கும்போது ஒருதரம்,
திறக்கமுன் ஒருதரம், ஊற்றமுன் ஒருதரம்
பெயரை வாசிப்பது எனக்குப் பழகின ஒழுங்கு.
வாசித்தேன். மூன்று தரமும் சரி.

பிழை வேறு இடத்தில் நடந்தது.

புர்க்டோர்ஃபில் மணித்தியாலக் கணக்கில் விடும் கராச்.
தூக்கியில் கார், அதன் வயிற்றுக்குக் கீழே நான்.
ஆணியைக் கழற்ற வந்தது
கந்தக நாற்றத்தோடு தடித்த மஞ்சள்.
பின்னச்சின் பற்சில்லு எண்ணெய்.
கையில் சரியான மருந்து,
திறந்தது பக்கத்து நரம்பு.
எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் காயுது?
குற்றமில்லாத அந்த எண்ணெய் சட்டியில் நிறைய
சாவியோடு நின்றேன்.
அடுத்த தூக்கியில் சைலன்சர் மாற்றிக்கொண்டிருந்த ட்ரிட்டோன்
எட்டிப் பார்த்து,
'அதுக்கும் வயது போயிருக்கும்' என்றான்.
சிரிக்கவில்லை. அதற்காக இன்னும் நன்றி.

வாங்கப் போய்வர அரை மணித்தியாலம்.
தூக்கிக்கு அதற்கும் பன்னிரண்டு பிராங்.

அடுத்த ஆணி. இந்தமுறை
ஊற்றும் துவாரம் திறபடுதோ என்று முதலில் பார்த்தேன்.
மெலிந்த எண்ணெய், கோப்பி நிறம்.
பம்பியைக் கழற்ற வலை தெரியவில்லை,
அதன்மேல் கறுப்புக் களிதான் தெரிந்தது.
பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்,
வெளிச்சத்துக்குப் பிடித்தேன், திரும்பத் தேய்த்தேன்.
புது வளையம். புது எண்ணெய்,
வாய் நிறைந்து சொட்டும்வரைக்கும்.
விரலால் ஒரு சொட்டைத் தொட்டுப் பார்த்தேன்,
தேவையில்லாமல்.

அடுத்தநாள் அதே ஏற்றம்.
சித்திரை, தார் காய்ந்து கிடந்தது,
ஓரமெல்லாம் மஞ்சள் பூ.
கார் ஏறியது. இல்லாவிட்டாலும் ஏறியிருக்கும்.
பின்சில்லுகள் இழுத்தனவா,
கூட வந்தனவா, தெரியாது.
மார்கழிவரை தெரியாது.
ரோத்லிஸ்பெர்கர் அம்மாவுக்குச் சீனி ஏழு தசம் இரண்டு.
கை ஏன் மணக்கிறது என்று கேட்டார்.

வீட்டில் மிச்சப் போத்தலுக்கு
பிளாஸ்டர் துண்டு ஒன்று ஒட்டி,
இன்சுலினுக்கு எழுதுகிற மாதிரியே
திறந்த திகதியை எழுதினேன்.
பிறகு யோசித்து, அடியில்,
எந்தத் துவாரம் என்றும்.